கடைக் கம்பியில் குத்திய பில்கள்: வன்னியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த ஒரு தூள் பைக்கற்றின் கடன் கணக்கு, 2017–2024

விடியப்புறம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதி ஓரம் நின்றால், வடக்கிலிருந்து வரும் இரவு பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்க்கலாம். ஆட்கள் இறங்கி முடிந்த பிறகுதான் பொதிகள் இறங்கும். உரப்பையில் கட்டிய முருங்கைக்காய், நல்லெண்ணெய்க் கலன், ஒடியல்மா, பழைய பிஸ்கட் பெட்டிக்குள் அடுக்கிய தூள் பைக்கற்றுகள். பொதியின் மேல் எழுதியிருக்கும் தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து நடத்துநர் கூப்பிடுவார். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் கடைகளுக்குள் போய்விடும்.

பொதி ஓரிரவில் வந்துவிடுகிறது. அதற்கான காசு ஊருக்குத் திரும்பிப் போக எத்தனை நாள் எடுக்கிறது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

நான் கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறவன். இங்குள்ள எங்கள் ஊர்க்காரர் நடத்தும் சங்கத்துக்கும் கணக்கு எழுதுகிறேன். அந்த வழியில்தான் கிளிநொச்சி மாவட்டத்தில் தூள் செய்து விற்கும் ஒரு பெண்ணின் கணக்கு என் கைக்கு வந்தது. அவர் விருப்பப்படி பெயரையும் கிராமத்தையும் விட்டுவிடுகிறேன். நான் கூப்பிடுவது போலவே அக்கா என்று எழுதுகிறேன். தொகைகள் அவருடைய சீ.ஆர். கொப்பியிலிருந்தும் எங்கள் சங்கப் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை. விளங்குவதற்காகச் சில்லறையை விட்டு முழுத்தொகையாக்கியிருக்கிறேன்.

தொழில்

அக்கா போரில் கணவரை இழந்தவர். 2010இல் மீள்குடியேறி, இரண்டு பெண்பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கினார். கை தெரிந்த வேலை சரக்குத்தூள் இடிப்பது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் சேர்த்து வறுக்க மாட்டார். மிளகாய் கருகும் நேரத்துக்கு மல்லி பாதிதான் வறுபட்டிருக்கும் என்பார். மல்லி தனியாக, மிளகாய் தனியாக, பிறகு மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கடைசியில் கறிவேப்பிலை. எல்லாம் ஆறிய பிறகுதான் மஞ்சளோடு சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோவார். சூட்டோடு திரித்தால் பைக்கற்றுக்குள் வேர்த்துவிடும். ஒரு மாதத்தில் மணம் போய்விடும்.

முதலில் அயலில் விற்றார். வெள்ளவத்தையில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் ஐந்து கிலோ வாங்கி வந்து ஒரு கடையில் காட்டினார். 2017 கடைசியில் மூன்று கடைகள் கேட்கத் தொடங்கின. கிழமைக்கு 25 கிலோ, கிலோ 800 ரூபா. ஒரு கிலோவுக்கு மிளகாய், மல்லி, மில் கூலி, பைக்கற்று எல்லாம் சேர்த்து அவருக்கு விழுந்தது 600 ரூபா. ஆக, கிழமைக்கு 20,000 ரூபா விற்பனை, 15,000 ரூபா செலவு. பஸ்காரருக்கு 500 கொடுத்தால் மிச்சம் 4,500.

கொப்பியில் இந்தக் கணக்கைப் பார்க்கிற யாரும் இது ஓடுகிற தொழில் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

முதல் கடன்

25 கிலோவுக்கு மூலப்பொருள் வாங்கக் கையில் காசில்லை. ஊரில் குழுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்திடம் 50,000 ரூபா எடுத்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வருவார். மாமரத்தடியில் எல்லோரும் இருக்க வேண்டும். ஐந்து பேருடைய காசும் சேரும்வரை ஒருவரும் எழும்பிப் போக முடியாது.

தவணை கிழமைக்கு 1,200 ரூபா, 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி நூற்றுக்கு இருபத்தைந்துக்குள் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் நாளில் வாங்கிய 50,000க்குக் கணக்குப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த 50,000 ஒரு வருடம் முழுக்க அவர் கையில் இருக்கவில்லை. இரண்டாம் கிழமையிலிருந்தே குறைந்துகொண்டு போனது. குறைந்துபோகும் நிலுவைக்கு வட்டி பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 45 சதவீதம் வருகிறது.

இது அதிகம்தான். ஆனாலும் அக்காவை விழுத்தியது வட்டிதான் என்று நான் நினைக்கவில்லை. கொப்பியின் முதல் மூன்று கிழமைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கிழமையும் 15,000 ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறார். மூன்று கிழமைக்கு 45,000. செவ்வாய்க்கிழமைத் தவணை மூன்று முறை, 3,600. கையில் மிச்சம் 1,400 ரூபா. இதற்குள் 75 கிலோ தூள் கொழும்புக்கு வந்துவிட்டது. 60,000 ரூபா பெறுமதி. கடைகளிலிருந்து வந்த காசு ஒரு சதமும் இல்லை. பஸ் கூலி, வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ரியூஷன் காசு எல்லாவற்றையும் அயலில் விற்ற சில்லறையில் சமாளித்திருக்கிறார்.

நாலாம் கிழமைப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: “காப்பு 2. அடகு.”

கடைகள் காசு கொடுத்தது சராசரி ஐம்பது நாளில். அதாவது ஏழு கிழமைச் சாமான் எப்போதும் கொழும்பில் நிற்கும். செலவுக் கணக்கில் அது 105,000 ரூபா. இந்தத் தொழிலை ஓட்ட அக்காவுக்குத் தேவைப்பட்ட முதல் அதுதான். கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. அதையும் எட்டாம் நாளே திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். மிச்சத்துக்கு இரண்டாவது நிறுவனத்திடம் 40,000, பிறகு மூன்றாவது இடத்தில் 30,000 எடுத்தார். 2018 நடுப்பகுதியில் மூன்று தவணையும் சேர்ந்து கிழமைக்கு 2,880 ரூபா. வரும் 4,500இல் அது போக 1,620. ஒரு வீடு ஒரு கிழமைக்கு அதில் ஓட வேண்டும். ஒரு கடை பத்து நாள் பிந்தினால் அதுவும் இல்லை.

அந்த ஆண்டு நாட்டில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நுண்நிதி எனப்படும் இந்தச் சிறு கடன் தொழிலை ஒழுங்குபடுத்த 2016இல் 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் கிராமத்துக்கு வந்து கடன் கொடுத்தவர்களில் பலர் அந்தச் சட்டத்தின் உரிமத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, தவணை தவறிப்போன ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்பதாக அறிவித்தது. உரிமம் பெற்ற நுண்நிதி நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 35 சதவீதம் என்று வட்டி உச்சவரம்பும் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, 220 சதவீதம் வரை வட்டி அறவிடப்பட்ட நிலையைச் சுட்டிக்காட்டினார்.

அக்காவுக்கு அந்த நிவாரணம் கிடைக்கவில்லை. காரணம், அவர் ஒரு தவணையும் தவறவில்லை. காப்பை அடகு வைத்துக் கட்டினார், பிறகு தோட்டை வைத்துக் கட்டினார். குழுவில் மற்ற நாலு பேரை மாமரத்தடியில் காத்திருக்க வைக்க அவருக்கு மனமில்லை. நேரத்துக்குக் கட்டியவர் என்பதற்காகவே ஒருவர் நிவாரணத்துக்கு வெளியே நிற்க வேண்டி வந்தது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. பின்னர் 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, செய்தியில் அவர்களுடைய முகங்களைப் பார்த்து அக்காவைத்தான் நினைத்தேன்.

கம்பி

2019 ஆரம்பத்தில் அக்கா தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, நீங்கள் அங்கதானே இருக்கிறியள். ஒருக்காக் கடைக்குப் போய் என்ர பில் எல்லாம் என்ன மாதிரி எண்டு பாப்பீங்களோ?”

போனேன். முதலாளி நல்ல மனிதர், மறைக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மரக்கட்டையில் நட்ட ஓர் இரும்புக் கம்பி. கொடுக்க வேண்டிய பில் எல்லாம் அதில் குத்தியிருந்தது. மேலே பெரிய நிறுவனங்களின் பில், கணினியில் அடித்து முத்திரை குத்தியது. அவற்றைக் கழற்றக் கழற்ற, அடியில் அக்காவின் பில்கள். காபன் தாள் வைத்து எழுதிய நீல எழுத்து, ஓரங்களில் மஞ்சள் கறை. தூள் பிரண்ட விரலால் தொட்ட தாள். எண்ணினேன், பதினொன்று. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் வறுத்த மிளகாய் வாசம் இன்னும் இருந்தது.

ஏன் அடியில் என்று கேட்டேன். “பெரிய கொம்பனிக்காரர் கிழமைக்கு ஒருக்கா வானில வந்து நிப்பினம். பழைய பில்லுக்குச் செக் குடுக்காட்டி புதுச் சாமான் இறக்க மாட்டினம். அக்கா கிளிநொச்சியில இருந்து கோல்தானே எடுப்பா. அந்த நேரம் கடையில சனம் நிக்கும். பிறகு பாப்பம் எண்டு விட்டுடுவன்.”

அவரும் நெருக்கடியில்தான் இருந்தார். கடை வாடகை உண்டு. அயலில் உள்ள தொடர்மாடிக் குடும்பங்கள் மாதக் கணக்கு வைத்து வாங்குகின்றன. அந்தக் கடனை அவர் எங்காவது தள்ளிவிட வேண்டும். நேரில் வந்து நிற்காதவரின் தலையில் அது விழுந்தது.

மூன்று கடைகளின் நிலுவையையும் கூட்டினேன். 140,000 ரூபாவுக்குக் கிட்ட வந்தது. 2018 நடுப்பகுதியில், மூன்று கடனும் முழு வீச்சில் ஓடிய நேரத்தில்கூட, அக்கா திருப்பிக் கட்ட வேண்டியிருந்த அசல் 85,000 அளவில்தான் இருந்தது. கிளிநொச்சியில் தகரக் கொட்டிலில் இருந்த ஒரு பெண், தான் வாங்கிய கடனை விடக் கூடுதலாகக் கொழும்புக் கடைகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கான வட்டியை மாமரத்தடியில் கட்டிக்கொண்டிருந்தார்.

வங்கியும் சங்கமும்

வங்கிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டு வங்கிகளுக்குப் போனார். ஓரிடத்தில் அரச உத்தியோகத்தர் இருவர் பிணை வைக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த ஒரேயொரு அரச உத்தியோகத்தரான ஆசிரியை ஏற்கனவே வேறு மூன்று பேருக்குப் பிணை. மற்ற இடத்தில் காணி உறுதி கேட்டார்கள். அவரிடம் இருந்தது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் மட்டும். அடுத்தது, வங்கியில் கிடைக்கக்கூடியதாக இருந்தது இயந்திரக் கடன். அரைக்கும் இயந்திரம் வாங்கினால் தரலாம் என்றார்கள். மில் பத்து நிமிட நடை தூரத்தில் இருக்கிறது. அவருக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. திட்டங்கள் இயந்திரத்தை ஏன் விரும்புகின்றன என்பது எனக்கு விளங்குகிறது. அதை ஈடாக எழுதலாம், திறப்பு விழாவில் படம் எடுக்கலாம், கணக்காய்வுக்கு வருகிறவருக்குக் காட்டலாம். வெள்ளவத்தைக் கம்பியில் தொங்கும் பதினொரு பில்லை யாரிடம் காட்டுவது?

நாட்டில் கிராமத்துக்கான கடன் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1985இல் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் வந்தன. அந்த வரிசை 2010இல் பிரதேச அபிவிருத்தி வங்கி என்ற ஒரே வங்கியானது. 1995இல் சமுர்த்தி வந்தது, அதன் வங்கிகள் கிராமம்வரை போயின. பயிர்ச்செய்கைக்கு மத்திய வங்கி ஊடாகவும் கடன் திட்டங்கள் வந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்களில் 77 சதவீதத்துக்கு மேல் கிராமங்களில் இருந்தார்கள்; அவர்களுக்கென்று எழுதப்பட்ட திட்டங்கள் நிறைய. இதில் நான் கவனித்த ஒன்று: நெல்லுக்குக் கொடுக்கும் கடன் காலத்தை அறிந்த கடன். விதைக்கும்போது கொடுத்து, அறுவடை முடிந்த பிறகு கட்டச் சொல்கிறது. வயலில் பயிர் நிற்கும்போது செவ்வாய்க்கிழமை தோறும் வந்து ஒரு கதிரைப் பிடுங்குவதில்லை. தூளுக்கும் ஓர் அறுவடை உண்டு. அது வெள்ளவத்தைக் கடையில் ஐம்பது நாள் கழித்து வருகிறது. அந்தக் காலத்தை அக்கா எடுத்த எந்தக் கடனும் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்டுப் பார்த்தது கிராமத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். இந்தச் சங்கங்களின் வரலாறு நீளமானது. முதலாவது சங்கம் 1906இல் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியாவில் தொடங்கியது; 1911இல் அதற்கான சட்டம் வந்தது. எங்கள் பக்கத்தில் கூட்டுறவு என்றால் கடை மட்டும் கிடையாது; மூளாயில் ஆஸ்பத்திரியே கட்டியிருக்கிறார்கள். போருக்குப் பிறகு பல இடங்களில் கொப்பியும் பெட்டியும் மட்டும் மிஞ்சின. அக்காவின் ஊரில் ஓய்வுபெற்ற ஓர் அதிபர் அதைத் தூசி தட்டி எழுப்பியிருந்தார்.

2019 ஏப்ரல் முதல் கிழமை விண்ணப்பம் கொடுத்தார். நிர்வாகக் குழுவில் இருந்த ஏழு பேரும் அவர் வீட்டுத் தூளைச் சாப்பிட்டவர்கள். கடைகள் எப்போது காசு தரும் என்று பொருளாளர் கேட்டார். இரண்டு மாதம் போகும் என்று அக்கா சொன்னார். அப்படியென்றால் முதல் இரண்டு மாதம் வட்டி மட்டும், பிறகு 24 மாதம் தவணை என்று எழுதினார்கள். தொகை 100,000 ரூபா, குறைந்துபோகும் நிலுவைக்கு வருடம் 14 சதவீதம். ஒன்பதாம் நாள் காசு கிடைத்தது. இதைத்தான் மற்ற இடங்களில் எவரும் கேட்கவில்லை: “உனக்குக் காசு எப்ப வரும் பிள்ளை?”

மாதத் தவணை 4,800 ரூபா. முன்பு மூன்று இடத்துக்கும் கட்டியது மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பழைய கடன்களில் மிஞ்சியிருந்த 60,000ஐ ஒரே நாளில் அடைத்தார். அடகில் இருந்த காப்பு அடுத்த ஆவணியில் மீண்டது.

பில்லை வாங்குவது

கிராமத்துப் பக்கம் ஒருவாறு சரி. கொழும்புப் பக்கம் அப்படியே கிடந்தது. 140,000 ரூபா இன்னும் கம்பியில்.

எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னேன். வழக்கமாக நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, புலமைப்பரிசிலுக்குக் காசு சேர்ப்பது. ஒரு தொழிலுக்குக் காசு போடுவது புதிது. பன்னிரண்டு பேர் ஆளுக்கு 25,000 போட, 300,000 சேர்ந்தது. 2019 செப்டெம்பரில் தொடங்கினோம்.

முறை எளியது. பொதி கடைக்குப் போய், முதலாளி பில்லில் கையெழுத்து வைத்ததும் அதன் 80 சதவீதத்தை அன்றைக்கே அக்காவின் கணக்கில் போடுவோம். 20,000 ரூபா பில்லுக்கு 16,000. கடை காசு தரும்போது அதை நாங்கள் எடுத்து, நூற்றுக்கு ஒன்றரை வீதம் கழித்து மிச்சத்தை அனுப்புவோம். அதாவது 300 போக 3,700. பெரிய நிறுவனங்களுக்கு வங்கிகள் இதைப் ‘பக்டரிங்’ என்ற பெயரில் செய்கின்றன. கையால் எழுதிய 20,000 ரூபா பில்லோடு அங்கே போக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பில்லை வாங்கிவிட்டால் காசை அறவிடுவது நம்முடைய வேலை. சங்கத்தில் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்தரைக்கு, குடையோடு மூன்று கடைக்கும் போவார். அதட்டமாட்டார். ஒரு பிளேன்ரீ குடிப்பார், பில் கொப்பியை விரிப்பார், நிற்பார்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஐம்பது நாளாக இருந்த சராசரி, மூன்று மாதத்தில் 38 நாளானது. ஒரு வருடத்துக்குள் 24. எங்கள் 300,000 ரூபா செய்ததை விட அந்தக் குடை செய்தது கூடுதல். கடைக்காரருக்குக் கொடுக்க மனமில்லாமல் இருந்ததில்லை. கேட்க ஆள் முன்னால் இருந்ததில்லை. ஊரில் தவணை அறவிட மோட்டார் சைக்கிளில் ஆள் வைத்த கடன் நிறுவனங்கள் எத்தனையோ. ஊராருக்கு வர வேண்டிய காசை அறவிடக் கொழும்பில் ஓர் ஆள் வைத்த திட்டத்தை என் அனுபவத்தில் கண்டதில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சாமான் வாங்கியவர் கூடியது 45 நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும். பிந்தினால் கூட்டு வட்டி. சில ஆண்டுகளுக்கு முன் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வைத்தார்கள்: காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டுச் செலவாக அதைக் காட்ட முடியாது. பில்களை இணையத்தில் ஏலம் விட்டு முன்கூட்டியே காசு பெறும் தளங்களும் 2017 முதல் இயங்குகின்றன. எங்கள் கடைக்காரரைக் கட்டியிருந்தது ஒரு வாய்ச்சொல்லும், பிறகு ஒரு குடையும்.

எங்களுடைய பிழை ஒன்றையும் எழுத வேண்டும். அதைக் கண்டுபிடித்தது அக்கா. 2020 கடைசியில் கோல் எடுத்தார்.

“தம்பி, கடை இப்ப கெதியாக் காசு தருது. நீங்கள் கழிக்கிறது மட்டும் அப்பிடியே நிக்குது.”

கணக்குப் பார்த்தேன். ஐம்பது நாளுக்கு 16,000க்கு 300 ரூபா என்றால் வருடத்துக்குப் பதினாலு சதவீதத்துக்குள். அதே 300, 24 நாளுக்கு என்றால் 28 சதவீதத்தைத் தாண்டுகிறது. தபால் உத்தியோகத்தரின் கெட்டிக்காரத்தனத்தால் கடை சீக்கிரம் கொடுக்க, நாங்கள் இரட்டை வட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் மாமரத்தடிக் கணக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கழிவை மாற்றினோம். முற்பணத்துக்கு ஒரு கிழமைக்கு நூற்றுக்குக் கால் வீதம். 16,000க்குக் கிழமைக்கு 40 ரூபா. கடை நேரத்தோடு கொடுத்தால் அந்த லாபம் அக்காவுக்கு.

மூன்று அடி

2020 மார்ச்சில் ஊரடங்கு. இரவு பஸ் நின்றது. கொழும்பில் சனம் தூளுக்கு அலைந்தது, கிளிநொச்சியில் தூள் கிடந்தது, நடுவில் பாதை இல்லை. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் அனுமதியோடு வந்தபோது இரண்டு பெட்டியை ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸை விட மூன்று மடங்கு கூலி. அதே காலத்தில் மஞ்சள் இறக்குமதி தடையாகி, மஞ்சள் தங்கம் போலானது. அக்கா மஞ்சளின் அளவைக் குறைக்கவில்லை, விலையைக் கூட்டினார்.

இரண்டாவது அடி 2022. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை 14.5 சதவீதமாக்கியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். செத்தல் மிளகாய் பெரும்பாலும் இறக்குமதி. ரூபா விழ, அதன் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. எங்கள் நிதி அதே 300,000தான். அது வாங்கக்கூடிய தூள் பாதியாகிவிட்டது. கூட்டுறவுக் கடன் 2021இலேயே முடிந்திருந்தது பெரிய புண்ணியம்.

மூன்றாவது அடிதான் எங்களை உண்மையில் சோதித்தது. அதே 2022 ஓகஸ்டில் மூன்று கடைகளில் ஒன்று மூடப்பட்டது. முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். நிலுவை 46,000 ரூபா. அதில் நாங்கள் முற்பணமாகக் கொடுத்தது 36,800.

சங்கக் கூட்டம் வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டு ஹோலில் நடந்தது. மின்வெட்டு, மெழுகுதிரி வைத்துக்கொண்டு கதைத்தோம். அந்தக் காசை அக்கா திருப்பித் தர வேண்டும் என்றார்கள் சிலர். கடைக்காரரைத் தெரிவுசெய்தது அவர்தானே என்பது வாதம். பில்லை வாங்கியபோது அதன் நட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்கினோம் என்றேன் நான். கழிவு எடுத்தது எதற்கு? தபால் ஐயா ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், கடைசியில் சொன்னார்: “அந்தக் கடைக்கு ஒவ்வொரு முறையும் போனது நான். ராக்கையில சாமான் குறைஞ்சுகொண்டு வந்ததை ரெண்டு மாசமாக் கண்டனான். கண்டும் உங்களுக்குச் சொல்லேல்லை. கிளிநொச்சியில இருக்கிற பிள்ளை அதை எப்பிடிக் காணும்?”

வாக்கெடுத்தோம். நட்டம் நிதிக்கு. அக்காவுக்கு வராமல் போனது மிச்ச 9,200. இரண்டு பேர் தங்கள் 25,000ஐத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகினார்கள். அவர்களோடு எனக்குக் கோபமில்லை. அந்த வருடம் எவருக்கும் காசு தேவையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு தபால் ஐயாவின் கொப்பியில் புதிதாக ஒரு பத்தி: ராக்கை எப்படி இருக்கிறது.

2024இல் கணக்கு

இன்று மூடிய கடைக்குப் பதில் இரண்டு புதுக் கடைகள். கிழமைக்கு 70 கிலோ போகிறது. கொட்டிலுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையோடு வறுக்கும் இடம் கட்டியிருக்கிறார். நாலு பெண்கள் நாட்கூலிக்கு வருகிறார்கள்: இருவர் தினமும், இருவர் கிழமைக்கு மூன்று நாள். நாலு பேரில் மூவர் முன்பு அதே மாமரத்தடிக் குழுவில் இருந்தவர்கள். 2023இல் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டாவது கடன் எடுத்தார், அதுவும் மிளகாய்க்கு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு செய்து, மூன்று மொழியிலும் லேபல் அடித்தாயிற்று.

தீராதவையும் உண்டு. நிதி இன்னும் பத்துப் பேரின் நல்லெண்ணத்தில் நிற்கிறது. தபால் ஐயாவுக்கு வயது எழுபத்திநாலு, முழங்கால் வலி. ஒரு சனி அவர் போகாவிட்டால் அடுத்த காசு பத்து நாள் பிந்துகிறது, பேரேட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. ஒரு தொழில் ஒரு மனிதரின் முழங்காலை நம்பியிருக்கக் கூடாது. ஊர்ச் சங்கம் இல்லாத கிராமத்துக்கு இந்த வழி இல்லை. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் பத்துச் சேர்ந்து கொழும்பில் ஒரு சின்ன அறையும், சம்பளத்துக்கு ஓர் ஆளும், பில் வாங்க ஒரு நிதியும் வைத்தால் தூள் மட்டுமில்லாமல் ஒடியல், எள்ளுருண்டை, கருவாடு எல்லாவற்றின் காசும் ஊருக்கு நேரத்தோடு போகும். ஒரு மாவட்டத்துக்கு நாலு இயந்திரம் கொடுக்கும் செலவில் இதைச் செய்யலாம் என்று நான் நம்புகிறேன். கணக்கை யாருக்கும் காட்டத் தயார்.

தீபாவளி ஓர்டர் முடிந்த கையோடு அக்கா கோல் எடுத்தார். புதுக் கடன் கேட்கப்போகிறார் என்று நினைத்துப் பேரேட்டைத் திறந்தேன்.

“தம்பி, கொட்டாஞ்சேனையில ரெண்டு கடை கேக்குது. சாமான் நான் அனுப்புவன். அங்க சனிக்கிழமையில போய் நிக்கக்கூடின ஆள் ஒருத்தர் இருக்கினமோ?”

ஒருவரைப் பிடித்திருக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கடைகளுக்குக் கிட்டத்தான் வீடு. தை மாதத்திலிருந்து போவதாகச் சொல்லியிருக்கிறார்.